பிழைத்தால் போதாது, படிக்கவும் வேண்டும்

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் மராட்டியர் காலத்தில் மோடி என்ற எழுத்தில் எழுதிய ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தாள் பிழைத்தது, அந்த எழுத்தைப் படிப்பவர்கள் அருகிப்போனார்கள். தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்ட பிறகே அவற்றில் பல நமக்கு விளங்கின. மின்னஞ்சலுக்கும் இதே ஆபத்து உண்டு. அவுட்லுக் மென்பொருள் அஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்பைப் பத்திரப்படுத்தினாலும், திறக்கும் மென்பொருள் இல்லாவிட்டால் பயனில்லை. ஆகவே வேறு மின்னஞ்சல் மென்பொருளுக்கு மாறும்போது, தண்டர்பேர்டு பயன்படுத்தும் எம்பாக்ஸ் போன்ற திறந்த வடிவிலும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள்.

"எல்லாம் சர்வரில்தான் இருக்கிறதே" என்பார்கள். அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில் அது சரி. ஆனால் அங்கே அழிந்தால் இங்கேயும் அழியும். பாப் முறையில் இறக்கியவை பெரும்பாலும் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். பயிர்க் காப்பீட்டு ரசீது முதல் நிலப்பத்திர நகல் வரை இன்று மின்னஞ்சலில் வருவதுண்டு. புதிய மென்பொருளில் அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள்.