பெயரில்லாமல் வந்த மரணச் செய்தி

கடந்த கோடைகாலத்தில் மகளின் குடும்பத்தைப் பார்ப்பதற்காகக் கனடா சென்றிருந்தேன். ரொறன்ரோவில் இறங்கிய மறுநாளே மருமகன் ஒரு கனேடியச் சிம் அட்டையை வாங்கி என் கைத்தொலைபேசியில் போட்டுத் தந்தார். இலங்கைச் சிம் அட்டையும் அதிலேயே இருந்தது. ஊரிலிருந்து வரும் குறுஞ்செய்திகள் தவறாமல் கிடைக்கும் என்று நிம்மதியாக இருந்தேன்.

செய்திகள் கிடைக்கத்தான் செய்தன. ஆனால், அனுப்பியவர்களின் பெயர்கள் மறைந்துவிட்டன. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் +94 என்று தொடங்கும் இலக்கங்கள் மட்டுமே தெரிந்தன. ஊருக்குத் திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம் என்று அதனைப் பெரிதுபடுத்தாமல் விட்டேன். அது தவறு என்பது நான்காம் நாள் காலையில் விளங்கியது.

"அக்கா இன்று காலை காலமாகிவிட்டார். நாளை மாலை தகனம்" என்று ஒரு செய்தி வந்திருந்தது. எந்த அக்கா? யாருடைய அக்கா? நமது சமூகத்தில் உடன்பிறந்தவளும் அக்காதான், பக்கத்து வீட்டுக்காரியும் அக்காதான். எனக்கு இப்படி எழுதக்கூடியவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். வேறு வழியின்றி, "மன்னிக்கவும், தாங்கள் யார்?" என்று பதில் அனுப்பினேன்.

நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது. "நாற்பது வருசம் பழகின என்னை ஆரெண்டு கேக்கிறீரோ?"

அந்த ஒரு வரியிலேயே ஆளை அடையாளம் கண்டுகொண்டேன். நான் உதவி ஆசிரியராகப் பத்திரிகைப் பணியில் சேர்ந்த காலத்தில் ஒப்புநோக்குநராக இருந்தவர் அவர். இரவு வேலை முடிந்து வெள்ளவத்தையில் இருந்த அவர்கள் வீட்டுக்குச் செல்லும்போதெல்லாம், இருவருக்கும் புட்டும் கறியும் மூடிவைத்துக் காத்திருப்பவர் அந்த அக்கா. ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்த நாட்களில் அவர் வீட்டு விறாந்தையில் எத்தனையோ இரவுகள் படுத்திருக்கிறேன். அவருடைய மரணத்தை அறிவித்தவரிடம்தான், "தாங்கள் யார்?" என்று கேட்டிருக்கிறேன்.

உடனே அவரை அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. மரண வீட்டின் நிலையான தொலைபேசிக்கு அழைத்தேன். அந்த அழைப்பை ஏற்படுத்த முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் சொன்னது.

மாலையில் வேலையால் வந்த மருமகன் காரணத்தை விளக்கினார். ஊரில் நாம் 077, 071 என்று பூச்சியத்தில் தொடங்கியே இலக்கங்களைப் பதிந்து வைக்கிறோம். அந்தப் பூச்சியம் உள்நாட்டு அழைப்புக்கு மட்டும் உரியது. டிரங்க் கோல் காலத்தின் எச்சம் என்றும் சொல்லலாம். குறுஞ்செய்தியோ +94 என்ற நாட்டுக் குறியீட்டுடன் வருகிறது. இலங்கையில் இருக்கும்போது இரண்டும் ஒன்றுதான் என்பது தொலைபேசிக்குத் தெரியும். கனேடியச் சிம் அட்டை பிரதானமானதும் அது பூச்சியத்தில் தொடங்குபவற்றைக் கனேடிய இலக்கங்களாகக் கருதிவிடுகிறது. இரண்டும் பொருந்தாததால் பெயர் தோன்றுவதில்லை. சில தொலைபேசிகள் இறுதி இலக்கங்களை மட்டும் ஒப்பிட்டுப் பெயரைக் கண்டுபிடித்துவிடும். என்னுடையது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

மரண வீட்டுக்கு எடுத்த அழைப்பின் கதை இன்னும் விசித்திரமானது. 011 என்பது கொழும்பின் பிரதேச இலக்கம். கனடாவில் அதே 011 வெளிநாட்டு அழைப்புக்கான வாசல். அதற்கு அடுத்து இருந்த 2 என்ற இலக்கத்தில்தான் ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் குறியீடுகள் தொடங்குகின்றன. வெள்ளவத்தைக்கு என்று நினைத்து நான் ஆபிரிக்காவின் கதவைத் தட்டியிருக்கிறேன்!

பரிகாரம் எளிது. முதலில் இருக்கும் பூச்சியத்தை நீக்கிவிட்டு +94 சேர்த்துப் பதியவேண்டும். 077 என்பது +94 77 ஆகும். 011 என்பது +94 11 ஆகும். பெரும்பாலான தொலைபேசிகளில் பூச்சியத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் + குறி வரும். பிரித்தானிய உறவினருக்கு +44, இந்திய நண்பருக்கு +91, கனடாவுக்கு +1. இப்படிப் பதிந்த இலக்கம் உள்நாட்டிலும் வேலை செய்யும், எந்த நாட்டிலும் வேலை செய்யும். பொலிஸ் அவசர சேவையின் 119 போன்ற குறுகிய இலக்கங்களை மட்டும் மாற்றக்கூடாது. இத்தாலியின் நிலையான தொலைபேசிகளுக்கு முதற் பூச்சியம் அவசியம் என்பதால் அதனையும் நீக்கக்கூடாது.

அன்றிரவே முதலில் நண்பரின் இலக்கத்தைத் திருத்தினேன். ரொறன்ரோவில் இரவு பதினொன்றரை மணி. கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். கொழும்பில் காலை ஒன்பது மணி, தகன நாள். இம்முறை அவர் எடுத்தார். பூச்சியத்தையும் +94 ஐயும் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, "அதெல்லாம் இருக்கட்டும். கடைசியா உம்மைப் பற்றித்தான் விசாரிச்சவ" என்றார். அதன்பின் இருவராலும் பேச முடியவில்லை.

ஏனைய இலக்கங்களைத் திருத்த இரண்டு மாலைகள் பிடித்தன. அவற்றுள் இனி ஒருபோதும் அழைப்பு வராத சில பெயர்களும் இருந்தன. அவற்றை நான் திருத்தவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

வெளிநாடு செல்லும் அன்பர்கள் கடவுச்சீட்டைச் சரிபார்க்கும்போது இந்தச் சிறு வேலையையும் செய்துவிடுங்கள். எல்லோருடைய இலக்கத்தையும் திருத்த நேரமில்லையென்றால், "யார்?" என்று கேட்கக்கூடாதவர்களின் இலக்கங்களையாவது திருத்திவிட்டு விமானம் ஏறுங்கள்.