மிச்ச நூலில் சாய்வரி: ஒரு தறியின் வாரக் குறிப்பு

திங்கள்

ட்வில் எனப்படும் சாய்வரி நெசவில் ஒவ்வொரு ஊடையும் இரண்டு பாவு இழைகளுக்கு மேலாகவும் அடுத்த இரண்டுக்குக் கீழாகவும் ஓடும். மறு ஊடை ஓர் இழை தள்ளித் தொடங்கும். அந்தத் தள்ளல்தான் துணியில் சாய்கோடாகத் தெரிகிறது. இந்த 2/2 அமைப்பில் பாவும் ஊடையும் முகத்தில் சரிபாதி தெரியும். ஊடையில் மட்டும் மிச்ச நூலைப் போட்டாலே துணியின் பாதி நிறம் அதன் கையில். ஜீன்ஸ் துணியில் ஊடை பெரும்பாலும் பின்புறத்துக்குப் போய்விடுவதால் அங்கே இந்த வித்தை எடுபடாது.

பாவுக்குத் துண்டு நூல் ஆகாது. ஒவ்வோர் இழையும் முழு நீளம் ஓட வேண்டும். எனவே பாவுக்கு முழு நூல்: நான்கு இழை கருநீலம், நான்கு இழை சந்தன நிறம், மாறி மாறி.

செவ்வாய்

தராசு நாள். மிச்ச நூலைக் கண்ணால் அளப்பவர் பாதி வரியில் நின்றுபோவார். 2/20 நம்பர் பருத்தி நூல் கிராமுக்கு ஏறக்குறைய 17 மீட்டர். 30 கிராம் உருண்டையில் சுமார் 500 மீட்டர். 50 செ.மீ. அகலத் துணிக்கு ஓர் ஊடை சுருக்கத்தோடு 55 செ.மீ. எடுக்கும் என்றால், சுமார் 900 ஊடை. செ.மீ.க்கு 16 ஊடை விழுந்தால் சுமார் 56 செ.மீ. துணி.

சாயம் போகுமா என்பதும் இன்றே தெரிய வேண்டும். ஒவ்வொரு நூலிலும் ஒரு துணுக்கைச் சோப்பு கலந்த வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்த, கறை விட்டவை விலக்கப்பட்டன.

புதன்

சிவப்பு, பச்சை என்று பெயர் பார்த்துப் பிரிப்பது வீண்வேலை. சாய்வரியில் முதலில் பேசுவது அடர்த்தியும் வெளிர்வும்தான். எல்லா உருண்டைகளையும் வரிசையாக வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தால் உண்மை வெளிப்படும்: கண்ணுக்குப் பகையாகத் தெரிந்த சிவப்பும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பல். அவற்றை மெல்லிய நூலில் ஊடையும் பாவுமாகச் சேர்த்தால், சற்றுத் தூரத்திலிருந்து மங்கிய பழுப்புதான் மிஞ்சும்.

வியாழன்

நான்கு அடர் ஊடை, நான்கு வெளிர் ஊடை. பாவின் வரிசையும் அதுவே என்பதால் வேட்டைநாயின் பல் போன்ற கூர்முனைக் கட்டம், அதாவது ஹவுண்ட்ஸ்டூத், தானாக எழும். மிச்ச நூலுக்கு இதைவிடத் தோதான வடிவம் இல்லை. அடர் முறைக்குப் பழுப்பு, கத்தரிப்பூ, கரும்பச்சை என எது வந்தாலும் சரி; வெளிர் முறைக்கு ரோஸோ எலுமிச்சையோ வரலாம். நிறம் மாறினாலும் பல் மாறாது. இடைத்தர நிறத்தை நுழைத்தால் மட்டும் பல் மழுங்கும். நான்கு இரட்டைப்படை என்பதால் நாடா புறப்பட்ட ஓரத்துக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் நூலை அறுக்க வேண்டியதில்லை.

கத்தரிப்பூ நிறம் கருநீலத்தை அடுத்துச் செம்மை கூடியும், சந்தன நிறத்தை அடுத்துக் கறுத்தும் தெரிந்தது. பாரிஸின் கோபெலின் சாயச்சாலைக்கு 1824இல் பொறுப்பேற்ற செவ்ரூல் சந்தித்ததும் இதுவே. அங்கே கறுப்பு நூல் வெளிறியிருப்பதாகப் புகார் வந்தது. கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்தில் இருந்த நீலத்திலும் ஊதாவிலும் என்று அவர் கண்டார். 1839இல் அது புத்தகமாக வந்தது.

வெள்ளி

2/40 நம்பர் நூல் இரண்டு சேர்ந்தால் ஒரு 2/20 கனம். இரு நிறங்களை ஒரே தாரில் சுற்றலாம்: அடர்–அடர், அடர்–இடை, இடை–இடை, இடை–வெளிர், வெளிர்–வெளிர். மூன்று நிறத்தில் ஐந்து படி கிடைத்தது. கடைசி ஒரு சாண் துணி அந்தப் படிகளில் இறங்கியது.

ஞாயிறு

துணி இறங்கி, வெதுவெதுப்பான நீரில் அலசப்பட்டது. பருத்தி வரிகள் சமமாகச் சுருங்கின. இடையில் தவறிச் சேர்ந்த ஒரு கம்பளி வரி மட்டும் கூடுதலாகச் சுருங்கி, இரு பக்கமும் துணியைக் கொசுவியது.