வெயில் சமைத்த இனிப்பு

ஈரான் நாட்டின் தென்மேற்கு மூலையில், அர்வந்த் ஆற்றங்கரையில் அமைந்தது அபாதான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையினால் பேர்பெற்ற நகர். சில ஆண்டுகளுக்கு முன், அங்குப் பணிபுரிந்த நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று, ஓர் ஆகஸ்டு மாதத்தில் நாம் அங்குச் சென்றிருந்தோம். வெப்பம் 45 பாகையைக் கடந்து நின்றது. நிழலில் நின்றாலும் முகத்தில் அனல் அடித்தது.

நண்பரின் அண்டை வீட்டு மூதாட்டியார் நம்மை விருந்துக்கு அழைத்திருந்தார். வெயிலைப் பற்றி நாம் முறையிட்டபோது அவர் நகைத்தார். “இது குர்மாபஸான், ஐயா, பேரீச்சையைச் சமைக்கும் வெயில். இதைக் குறை சொன்னால் பழம் எங்கிருந்து வரும்?” என்றார். நண்பர் மொழிபெயர்த்தார்.

அன்று அவர் செய்தளித்த இனிப்பின் பெயர் ரங்கினக். ‘ரங்கின்’ என்றால் வண்ணமுடையது என்று பொருள். தென் ஈரானில் வீடுதோறும் அறிந்த பண்டம் இது. ரொட்டி சுடும் அடுப்பு இதற்கு வேண்டியதில்லை. சர்க்கரையும் தேவைப்படுவதில்லை. பழத்தை வெயில் முன்னமே சமைத்துவிட்டதன்றோ!

இல்லத்தரசிகளின் பொருட்டு அதன் செய்முறையைக் குறித்துக்கொண்டோம். மென்மையான பேரீச்சம்பழம் அரைக் கிலோ எடுத்து, கொட்டை நீக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் அக்ரூட் பருப்புத் துண்டை வைத்து மூடவேண்டும். வாணலியில் கோதுமை மாவு 250 கிராமை இளந்தீயில் வறுக்கவேண்டும். கை ஓயாமல் கிளறுதல் இன்றியமையாதது. சற்றே கவனம் பிசகினாலும் மாவு கருகிக் கசந்துவிடும். மாவு சிவந்து மணம் எழுந்ததும் வெண்ணெய் 200 கிராம் சேர்த்து, ஊற்றும் பதம் வரும்வரை கிளறி, ஏலப்பொடி தூவி இறக்கவேண்டும். தட்டில் பாதியை ஊற்றிப் பரப்பி, பழங்களை நெருக்கமாக அடுக்கி, மீதியை மேலே ஊற்றிப் பட்டைப் பொடியும் பிஸ்தாத் துருவலும் தூவி ஆறவிட்டால் முடிந்தது. பழம் கடினமாயிருப்பின் சிறிது நேரம் ஆவியில் காட்டி இளக்கிக்கொள்ளலாம்.

உண்டபின் மூதாட்டியார் நம்மை வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்றார். தொலைவில், தலையற்ற தூண்களைப் போல் பட்ட மரங்கள் நின்றன. 1980-இல் மூண்ட போரில் அந்நகர் ஏறத்தாழ ஓராண்டு முற்றுகையில் இருந்தது. அருகிலிருந்த குர்ரம்ஷஹர் பகைவர் கைப்பட்டு 1982 மே 24-இல் மீண்டது. ஆற்றங்கரையின் பேரீச்சந்தோப்புகள் குண்டுக்கும் தீக்கும் இரையாயின. குருத்து அழிந்த பேரீச்சை மீண்டும் தழைப்பதில்லை. பக்கக் கன்றைப் பிரித்து நட்டு, பலன் காணப் பல ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். இன்றோ ஆற்றில் நன்னீர் குறைந்து கடலின் உப்பு மேலேறி வருவதால், எஞ்சிய தோப்புகளும் வாடுகின்றன.

முற்றத்தில் ஒரு மரம் மட்டும் குலைகளோடு நின்றது. போர் ஓய்ந்து ஊர் திரும்பியதும் தம் கணவர் நட்ட கன்று அது என்றார். “அவர் போய்விட்டார். நீங்கள் உண்டது அவருடைய பழம்” என்றார்.

நாம் மறுமொழி கூற இயலாது நின்றோம். புறப்படுகையில், மீந்திருந்த ரங்கினக்கை அவர் ஒரு பொட்டலமாகக் கட்டி நம் கையில் வைத்தார். ஊர் வந்து சேரும்வரை அது கெடவில்லை.