சங்ககிரியிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில்

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்துத் தில்னாவும் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் உலகத்தையே சுற்றி வந்துவிட்டார்கள். நம் கடற்படை அதிகாரிகளான இவர்கள் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவில் புறப்பட்டு, எட்டு மாதம் கழித்து 2025 மே 29ஆம் தேதி திரும்பினார்கள். செய்தியைப் படித்துக் காட்டியதும் என் மாமியார், "நாமளும் மூணு நாள் போனமில்ல அம்மிணி!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவர் சொன்னதும் வாஸ்தவம்தான்.

அது 2015 ஏப்ரல். போர்ட் பிளேரில் வாழ்க்கைப்பட்ட என் தங்கைக்குத் தலைப்பிரசவம் ஆகியிருந்தது. எங்களுக்கு அம்மா இல்லை. அக்காளாகிய நான்தான் தாயாரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஐந்து பேருக்கு விமானச் செலவு கட்டுப்படியாகாது. லேகியம், சுக்கு, பூண்டு, பழைய வேட்டித் துணி, தூளி கட்ட அம்மாவின் நூல் புடவை என்று மூட்டையும் பெரிசு. கப்பலிலேயே போவது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

"காவேரியில பரிசல் ஏறவே பயப்படறவ நானு. என்னையக் கடல்ல ஏத்தறியா?" என்றார் மாமியார். "நாலு வயசுக் குழந்தைக்கு ஒண்ணுன்னா நடுக்கடல்ல யாரைக் கூப்பிடுவ?" என்றும் கேட்டார். லாரிகளும் மலைக்கோட்டையும் உள்ள எங்கள் ஊரில் கடலைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? என் கணவர் மட்டும், "லாரியில கௌஹாத்தி வரைக்கும் போனவன் நான். இதென்ன பிரமாதம்?" என்றார்.

சேலத்தில் ரயில் பிடித்துச் சென்னை போய், துறைமுகத்தில் சோதனை முடிந்து சாயங்காலம் கப்பல் ஏறினோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,200 கிலோமீட்டர். எங்களுக்குக் கிடைத்தது பங்க் வகுப்பு. பெரிய கூடத்தில் கீழும் மேலுமாகக் கட்டில்கள். கலியாணச் சத்திரம் மாதிரி வங்காளி, தெலுங்கர், தமிழர் எல்லோரும் ஒன்றாக. பெரியவன் ஒரு மணி நேரத்தில் கப்பல் முழுவதும் சுற்றிவிட்டான்.

முதல் நாள் ஆனந்தமாகப் போயிற்று. கரை மறைந்ததும் தண்ணீர் பச்சையிலிருந்து கருநீலமாக மாறியது. பறக்கும் மீன்கள் வெள்ளித் தகடுபோல் எழும்பி விழுந்தன. இரவில்தான் கப்பல் ஆட ஆரம்பித்தது. "லேசான அலைதாம்மா" என்றார் ஒரு சிப்பந்தி. எங்களுக்கு அதுவே பெரும் புயலாக இருந்தது. கௌஹாத்தி வீரர் முதல் ஆளாகப் படுத்துவிட்டார்!

மறுநாள் காலை சின்னவளுக்கு வாந்தி தொடங்கியது. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. பிற்பகலில் உதடு காய்ந்து, கண் உள்வாங்கி, குழந்தை துவண்டு போனாள். காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சுற்றிலும் தண்ணீர், கரை எங்கேயோ. பிடிவாதம் பிடித்த என்னையே நொந்துகொண்டு அழுதேன். கடிந்துகொள்வார் என்று நான் நினைத்த மாமியார், "அழுவாத கண்ணு, டாக்டர் இருக்காராம், எந்திரி" என்று குழந்தையைத் தோளில் போட்டு முன்னால் நடந்தார்.

டாக்டர் பார்த்துவிட்டு, ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒரு ஸ்பூன், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஸ்பூன் என்று கொடுக்கச் சொன்னார். "வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள்" என்றார். மாமியாரும் நானும் மாற்றி மாற்றி ஊட்டினோம். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தை, "ஒண்ணுக்கு வருதும்மா" என்றாள். அந்தச் சொல்லுக்காக நான் வேண்டாத தெய்வமில்லை!

வாந்தி ஏன் வருகிறது என்பதையும் டாக்டர் விளக்கினார். உடம்பு ஆடுவதைக் காதுக்குள் உள்ள உறுப்பு உணர்கிறது. கண்ணோ அறைச் சுவர் அசையாமல் இருப்பதாகச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். சகோதரிகள் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

* ஆட்டம் குறைவாக உள்ள கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள்.
* குமட்டினால் காற்றோட்டமான இடத்தில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். புத்தகம் படிக்காதீர்கள்.
* வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம். இட்லி, பிஸ்கட் போதும். பெரியவர்கள் இஞ்சி மெல்லலாம்.
* குழந்தைக்கு மாத்திரை உண்டா, எவ்வளவு என்று புறப்படும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.
* ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அவசியம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் ஆறிய நீரில் முழுவதும் கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.
* ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லையென்றாலோ, குழந்தை துவண்டாலோ காத்திருக்காதீர்கள்.

நான்காம் நாள் ஐந்து மணிக்கே விடிந்துவிட்டது. கிழக்கே தள்ளியிருந்தாலும் அங்கும் நம் கடிகார நேரம்தான். கடலுக்கு நடுவே பச்சைக் குன்றுகள். துறைமுகத்தில் குழந்தையோடு நின்ற தங்கை, "அக்கா!" என்றவள் அதற்கு மேல் பேசவில்லை. புதுப்பெண்ணாக இதே கடலை அவள் கடந்தபோது, 'கப்பல்ல ஜாலியாப் போனா' என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டோம்.

பத்து நாள் இருந்தோம். வெற்றிமலை முருகனைத் தரிசித்தோம். 1896இல் தொடங்கி 1906இல் முடித்த செல்லுலார் சிறையையும் பார்த்தோம். சைக்கிள் சக்கரத்து ஆரங்கள்போல் ஏழு கிளைகளாகக் கட்டியதில் இன்று மூன்றுதான் மிச்சம். 1979இல் தேசிய நினைவுச் சின்னமாக்கினார்கள். தனித்தனிக் கொட்டடிகளைப் பார்த்த மாமியார், "நம்ம கோட்டையிலதான தீரன் சின்னமலையத் தூக்குல போட்டாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அது 1805இல் நடந்தது.

போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அம்மாவின் புடவைத் தூளியில் ஆடிய பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அடுத்த முறையும் கப்பல்தான் என்கிறார் மாமியார். கௌஹாத்தி வீரர்தான் இன்னும் பதில் சொல்லவில்லை!