பனி தின்ற புல்தரை

ஊட்டியில் வசந்தம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மே மாதத்து மலர்க் கண்காட்சிதான். பங்களாக்களில் தோட்டம் பார்க்கிறவர்களுக்கு அது மார்ச்சிலேயே பிறந்துவிடுகிறது. உறைபனி ஓய்ந்து, கோடை மழை இன்னும் எட்டிப் பார்க்காத அந்த இடைவெளியில்தான் புல்தரையின் ஆண்டுக் கணக்கே தீர்மானமாகிறது. லவ்டேல் பக்கத்து வீடொன்றில், அப்படிப்பட்ட தோட்டக்காரர் ஒருவரோடு ஒரு முழு நாள் இருந்தேன்.

தரை காக்கி நிறத்தில் கிடந்தது. நடுவில் வரிசையாகக் கருத்த திட்டுகள், உற்றுப் பார்த்தால் செருப்புத் தடங்கள். பனி உறைந்த காலையில் யாரோ நடந்திருக்கிறார்கள். உறைந்த இலையை மிதித்தால் அது உள்ளுக்குள்ளேயே நொறுங்கிவிடும். வடு லேசில் போகாது. "கெஸ்ட் யாராவது போட்டோ எடுத்திருப்பாங்க சார்" என்றார். கோபமில்லை, அலுப்புதான்.

இங்கே வீட்டுப் புல்தரைகளில் பெரும்பாலும் கிக்குயு புல். கென்ய மலைநாட்டு மக்களின் பெயரைத் தாங்கிய கிழக்கு ஆப்பிரிக்கப் புல். குளிரைத் தாங்கும், உறைபனியில் இலை கருகிவிடும். மேகமில்லாத, காற்றசையாத இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தாவும் காந்தலும் ஒவ்வொரு ஆண்டும் பனிச் செய்தியில் அடிபடுகின்றன. இந்தத் தோட்டக்காரர் இளவயதில் தாவரவியல் பூங்காவில் தினக்கூலியாக இருந்தவர். நாற்றுகளுக்கு மேல் கோத்தகிரி மிலார் செடியை வைத்து மூடுவது, வெயில் ஏறுவதற்குள் புல்லின் மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பது எல்லாம் அங்கே கற்றது. பெற்றோர் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல்களால் புல்லை வகிடெடுத்துக் காட்டினார். மேலே காய்ந்த இலை. அதன் கீழே வைக்கோல் மெத்தை போலச் சருகு. அதையும் விலக்கினால் தரையோடு ஓடும் தண்டு. அதன் கணுவில் நகக்கண் அளவுக்கு ஒரு பச்சை முளை. "உயிர் இங்கதான் இருக்கு. மேல பாத்துட்டு செத்துப் போச்சுன்னு சொல்றாங்க."

முளை மேலே வர வேண்டுமானால் சருகு போக வேண்டும். இரும்பு வாரியை இழுத்து இழுத்து அவர் குவித்தது மூன்று சாக்கு நிறைந்தது. பிறகு முள்மண்வாரி. காலால் மிதித்து இறக்கி, கைப்பிடியைச் சற்றே பின்னால் சாய்த்து உருவினார். மண்ணைப் புரட்டக் கூடாது, இறுகிய தரைக்குள் காற்றும் நீரும் போக வழி விட்டால் போதும். ஒரு சாணுக்கு ஒரு குத்து. நானும் வாங்கிக் குத்திப் பார்த்தேன். பத்து வரிசைக்குள் இடுப்பு பேசத் தொடங்கிவிட்டது. அவர் நிமிரவே இல்லை. மதியத்துக்கு மேல் சலித்த மண்ணும் மட்கிய சாணமும் மணலும் கலந்து தூவி, பலகையின் முதுகால் நிரவினார். புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும், மூடிப்போனால் மூச்சு முட்டும் என்றார். மலைமண் புளிப்பு மண் என்பதால் டோலமைட் சுண்ணாம்பும் உண்டு. ஆனால் அதை எருவோடு சேர்த்துப் போடக் கூடாதாம், எருவின் சத்து ஆவியாகிப் போய்விடும்.

நடுவில் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து போனில் வந்தார். வீட்டை இப்போது ஹோம்ஸ்டேயாக விடுகிறார். ஏப்ரலில் ஆட்கள் வருவதற்குள் பச்சையாக வேண்டும். யூரியா போட்டு, ஒட்ட வெட்டிவிடலாமே என்பது அவர் யோசனை. மழையில்லாத மண்ணில் யூரியாவைக் கொட்டினால், பனி விட்டுவைத்ததை அது கருக்கிவிடும். ஒட்ட வெட்டுவது இன்னும் மோசம். கிக்குயுவுக்குப் பச்சை மேல் நுனியில் மட்டும்தான், கீழே வெறும் தண்டு. மிஷினைத் தாழ்த்தி ஓட்டினால் தரை மறுபடி காக்கியாகிவிடும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. இதையெல்லாம் போனில் தோட்டக்காரர் விளக்கவில்லை. "பண்ணிரலாம் சார்" என்றார், வைத்தார், யூரியா மூட்டையைத் தொடவில்லை. இந்தத் தொழிலில் பாதித் திறமை அந்த 'பண்ணிரலாம் சார்'தான் என்று எனக்குப் படுகிறது.

வேலியோரம் யாரோ உழுதுபோட்டது போல் மண் கிளறிக் கிடந்தது. காட்டுப்பன்றி. புல்லின் அடியில் கிடக்கும் வேர்ப்புழுவைத் தேடி வரும். வெள்ளையாய், வளைந்து, சுண்டுவிரல் நுனியளவில் ஒன்றை எடுத்துக் காட்டினார். மருந்து அடிக்கலாமே என்றேன். தேவையில்லை, பன்றியே தின்றுவிட்டது, மண்ணை மிதித்துச் சமப்படுத்தினால் போதும் என்றார்.

சாகாத இந்தப் புல் வீட்டு எல்லையில் நிற்பதுமில்லை. வேலி தாண்டி, ஓடை தாண்டி, சோலையோரத்துப் பூர்வீகப் புல்வெளிகளிலும் ஏறுகிறது. அதைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "உள்ள வளருன்னு கெஞ்சுறோம், வெளிய போகாதேன்னு சொன்னா கேக்குமா?"

சாக்குகளை ஆட்டோவில் ஏற்றும்போது மறுபடி போன். எப்போது வெட்டுவீர்கள் என்று வீட்டுக்காரர். "ரெண்டு மழை பெய்யட்டும் சார்." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேச்சு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கடைசிச் சாக்கின் வாயைக் கட்டினார். "சரிங்க சார், மிஷினை நாளைக்கே கொண்டாந்து வெச்சிடுறேன்."