வளவும் லயமும்

கண்டிப் பட்டினத்தைக் கடந்து மகாவலியைத் தாண்டிச் செல்லும் பாதையொன்றின் ஓரத்தில், பழைய மாளிகை ஒன்று பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. கண்டிப் பிரதானிகள் வாழ்ந்த இத்தகைய வீடுகளைச் சிங்கள மக்கள் 'வலவ்வ' என்பர். நம்மவர் நாவில் வழங்கும் 'வளவு' என்ற சொல்லுக்கு அது உறவு. கடந்த ஆண்டில் அவ்வீட்டைச் செப்பனிட்டுச் சிறு விடுதியாக்கும் பணி தொடங்கிற்று. நம்மிடம் சாதாரண தரம் வரை பயின்ற மாணவன் ஒருவன் அங்கே வேலை செய்வதை அறிந்து, ஒரு சனிக்கிழமை பார்க்கச் சென்றோம்.

நடு முற்றத்தில் முதிய சிங்கள மேசன் ஒருவர் சுண்ணாம்பு குழைத்துக் கொண்டிருந்தார். நம் மாணவன் மணல் சலித்துக் கொண்டிருந்தான்.

"முன்ன பழுதுபார்த்தவங்க இந்த மண்சுவர் மேல சீமெந்து பூசிட்டாங்க, சேர். உள்ள ஏறின ஈரம் வெளிய போக வழியில்லாம சுவர் ஊதிப்போச்சு. எல்லாத்தையும் சுரண்டிட்டுச் சுண்ணாம்பு பூசுறோம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும்னு பாஸ் சொல்றாரு."

வகுப்பில் ஒரு கேள்விக்கும் வாய் திறவாதவன் அவன்!

அவன் காட்டிய ஒவ்வொன்றிலும் முன்னோர் அறிவு இருந்தது. தடித்த சுவர்கள் நண்பகல் வெப்பத்தைத் தடுக்கின்றன. முற்றம் காற்றையும் ஒளியையும் அறைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பழைய ஓடுகளைக் கழுவி மீண்டும் அடுக்குகிறார்கள்; உளுத்த மரத்தை மட்டும் அறுத்தெடுத்துப் புதுத்துண்டு பொருத்துகிறார்கள். இருப்பதைப் பேணுவதைவிடப் பெரிய சிக்கனம் உண்டோ? 'நிலைபேறு' என்று இன்று உலகம் பேசுவதும் இதனைத்தானே! குன்னேபானயில், 1815இல் கண்டி இராச்சியம் வீழ்வதற்கு முன்னரே எழுந்த அமுனுகம வளவு, கட்டடக் கலைஞர் சன்ன தஸ்வத்தவின் கைவண்ணத்தால் 'த கண்டி ஹவுஸ்' என்னும் விடுதியாகி உயிர் பெற்றதை நாடறியும்.

விடைபெறும் வேளையில் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "எங்க லயத்துக்கும் நூறு வருஷத்துக்கு மேலாச்சு, சேர். அதுவும் பழைய வீடுதானே?"

நமக்கு விடை வரவில்லை. ஆண்டுதோறும் 'நமது பாரம்பரியம்' என்ற தலைப்பில் மாணவரைக் கட்டுரை எழுதச் சொல்லி வந்தோம். தலதா மாளிகையைப் பற்றியும் கண்டி வாவியைப் பற்றியும் அழகுற எழுதினர். லயத்தைப் பற்றி ஒருவரும் எழுதியதில்லை. எழுதலாம் என்று நாமும் சொன்னதில்லை.

மறுவாரம் அவன் இல்லத்துக்குச் சென்றோம். பேருந்து நிற்குமிடத்திலிருந்து ஒரு மைல் ஏற்றம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பறா, அதில் ஐவர். கருங்கற் சுவர் உறுதியாகத்தான் நிற்கிறது. கூரைத் தகரமோ துருப்பிடித்து, காற்றுக்குப் பறக்காதிருக்கக் கற்களைச் சுமந்து கிடக்கிறது. தாயார் தேநீர் தந்து, "மழைக்கு முந்தி வந்தீங்க சேர். மழை வந்தா உக்கார எடமிருக்காது" என்றார்.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதை நாம் பாடமாகச் சொல்கிறோம். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரை அடைக்கக் கட்டியவையே லயங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பலரை நாடற்றவராக்கிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் நாட்டுரிமை தந்தது. ஆயினும் வீட்டுரிமை இன்னும் பலருக்கு எட்டவில்லை. இதற்கிடையே ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001இல் நூதனசாலையாயிற்று. பொகவந்தலாவைப் பக்கத்துத் துரை பங்களாக்கள் 2005 முதல் உல்லாச விடுதிகளாயின. அவற்றைப் பேணியது தவறன்று. எனினும் இயந்திரத்துக்கும் துரைக்கும் கிடைத்த மரியாதை, கொழுந்து பறித்த கைகளுக்குக் கிடைத்ததா?

கண்டியிலே பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, 1950களில் வத்தப்புலுவவில் அரசாங்க ஊழியருக்கான வீட்டுத் திட்டத்தை வகுத்தபோது, அங்கே குடியேறவிருந்தவர்களிடமே அவர்தம் தேவைகளை முதலில் கேட்டறிந்தார். விடுதி அமைப்போரும் விருந்தினரின் விருப்பத்தை நுணுகி ஆராய்கின்றனர். லயத்தில் வாழ்வோரை அவ்வாறு கேட்பவர் யார்?

லயத்தை அப்படியே காக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. அந்தத் தாயார் வேண்டுவது தனி வீடும் தம் பெயரில் ஒரு காணி உறுதியுமே. பிறர் வளவுக்கு இன்னொரு நூற்றாண்டு ஆயுள் தரக் கற்றுக்கொண்ட மகன், தன் வீட்டுச் சுவரையும் தானே பூசுவான். கட்ட இடமும் கட்டும் உரிமையும் கொடுக்காமல் நிலைபேறு பேசுவது யாருக்காக?

இவ்வாண்டு கட்டுரைத் தலைப்பை மாற்றியுள்ளோம். 'நான் வாழும் வீடு' என்று கரும்பலகையில் எழுதினோம். வகுப்பு சற்று நேரம் மௌனமாயிருந்தது. பின்னர் பேனாக்கள் அசையத் தொடங்கின.