பாளையத்துச் சாலையிலே

யுத்தத்தில் இருந்தவர்கள் யுத்தத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசுகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்தவர்கள்தாம்.

என் மாமனார் மதராஸ் ரெஜிமெண்டில் பதினெட்டு வருஷம் சேவகம் செய்தவர். 1971-ஆம் வருஷம் டிசம்பரில் மேற்கு எல்லையில் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு குண்டுத் துண்டை வாங்கிக் கொண்டு ஊர் திரும்பியவர். அந்தக் காலைப் பற்றி யாராவது விசாரித்தால், "மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடும். ரேடியோவை விட மேல்" என்பதோடு சரி. மேற்கொண்டு ஒரு வார்த்தை வராது.

அப்படிப்பட்டவர் சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலைக் காப்பியின்போது, "மாப்பிள்ளை, புலித்தேவன் ஊரைப் பார்க்க வேண்டும். அப்படியே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரையும் பார்த்துவிடலாம்" என்றார். என் மனைவிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆண்டாள் சந்நிதிக்குப் போகலாம் என்று அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தவர் அவர்.

காரணம் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதற்கு முந்திய வருஷம் அவரைத் தில்லிக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே இந்தியா கேட்டுக்கு அருகில் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய யுத்த நினைவுச் சின்னத்தில், சுதந்திரத்துக்குப் பின் உயிர் கொடுத்த 25,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் ஆளுக்கு ஒரு கல்லாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மாமா ஒரு மணி நேரம் தேடி ஒரு கல்லைக் கண்டுபிடித்தார். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "யார், மாமா?" என்று கேட்டேன். "எங்கள் செக்‌ஷன் பையன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மாமா, நான், என் மனைவி, எங்கள் பையன் ஆக நான்கு பேரும் மதுரையிலிருந்து காரில் கிளம்பி, இரவு ராஜபாளையத்தில் தங்கினோம். 'பாளையம்' என்றாலே படை இறங்கிய இடம் என்றுதான் அர்த்தம். மதுரை நாயக்கர்கள் தங்கள் ராஜ்யத்தை 72 பாளையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பாளையக்காரரிடம் ஒப்படைத்தார்கள். காவலும் வரி வசூலும் அவர் பொறுப்பு. கூப்பிட்டபோது படையோடு வந்து நிற்க வேண்டியதும் அவர் கடமை. மறுநாள் காலையில் தென்காசிச் சாலையில் போகும்போது சேத்தூர், சிவகிரி என்று பெயர்ப் பலகைகள் வந்துகொண்டேயிருந்தன. அவையெல்லாம் அந்தக் காலத்துப் பாளையங்கள். மேற்கே மலைத் தொடர் கூடவே வருகிறது. வாசுதேவநல்லூரில் இடது புறம் திரும்பினால் நெற்கட்டும்செவல்.

அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு சண்டை இருக்கிறது. நெல் கட்ட மறுத்தவன் ஊராகையால் 'நெற்கட்டான் செவல்' என்று சொல்லுகிறவர்களும் உண்டு. பெயர் ஆராய்ச்சி எப்படியானாலும் சரித்திரம் அதற்கு ஒத்துப் போகிறது. ஆற்காட்டு நவாபுக்குக் கம்பெனியார் கொடுத்த கடனுக்கு ஈடாக, தெற்கத்திச் சீமையில் வரி வசூலிக்க 1755-இல் கர்னல் ஹெரான் என்ற வெள்ளைக்காரத் தளபதியும், நவாபின் தமையன் மாபூஸ்கானும் படையோடு வந்தார்கள். நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன் நின்று 20,000 ரூபாய் கேட்டார் ஹெரான். புலித்தேவன் கொடுக்க மறுத்தான். கோட்டையை உடைக்கப் பெரிய பீரங்கி இல்லை. படைக்குச் சாப்பாடும் சுருங்கிவிட்டது. ஹெரான் வந்த வழியே திரும்பினார். அந்தப் படையெடுப்பில் நடந்துகொண்ட விதத்துக்காகக் கம்பெனியாரே பிற்பாடு அவரை விசாரணை செய்து வேலையை விட்டு நீக்கினார்கள். 1857-க்கு 102 வருஷம் முந்திய சங்கதி இது.

நினைவு மாளிகையில் புலித்தேவனின் சிலை இருக்கிறது. பையன் படம் எடுத்தான். என் மனைவி ஒரு பூச்சரத்தை வைத்தாள். நான் எனக்குத் தெரிந்த சரித்திரத்தையெல்லாம் மாமாவிடம் கொட்டினேன். புலித்தேவனை எதிர்க்கக் கம்பெனியார் அனுப்பிய கான்சாகிப் என்ற மருதநாயகம் வருஷக் கணக்கில் போராடி, 1761-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்ததைச் சொன்னேன். அப்படிப் பிடித்துக் கொடுத்த மருதநாயகத்தையே நவாபும் கம்பெனியாரும் 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கில் போட்டதையும் சொன்னேன். 1767-இல் வாசுதேவநல்லூரைக் கம்பெனிப் படை மீண்டும் முற்றுகையிட்ட கதை எனக்கு மிகவும் பிடித்தது. மண் கோட்டைதான், ஆனால் பீரங்கி உடைத்த இடத்தையெல்லாம் உள்ளே இருந்தவர்கள் வைக்கோலும் பனைமட்டையும் கொண்டு உடனுக்குடன் அடைத்தார்களாம். அடைக்கிறவன் குண்டு பட்டு விழுந்தால் அடுத்தவன் வந்து நிற்பானாம். எதிரிகளே எழுதி வைத்துவிட்டுப் போன செய்தி இது.

மாமா அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அடைத்தவர்கள் பெயர் எங்கே இருக்கிறது, மாப்பிள்ளை?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. ஜனங்கள் வாய்மொழியாக இரண்டொரு பெயர்களைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஒருவன் ஒண்டிவீரன். மற்றொருவன் வெண்ணிக்காலாடி. வயிற்றில் பட்ட வெட்டில் குடல் சரிந்தபோது, தலைப்பாகைத் துணியை அவிழ்த்து இறுகக் கட்டிக்கொண்டு மேலும் சண்டை போட்டான் என்பது அவனைப் பற்றிய கதை. அதை மாமாவுக்குச் சொன்னேன். "கட்டலாம். கொஞ்ச நேரம் தாங்கும்" என்றார். கதை கேட்கிறவர் சொல்லுகிற மாதிரி இல்லை அது.

கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று பையன் தொந்தரவு செய்தான். எதைக் காட்டுவது? 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கையோடு, பாளையக்காரர் கோட்டைகளையெல்லாம் இடித்துத் தள்ளவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் மேஜர் பானர்மேன் உத்தரவு போட்டார். மண் கோட்டை இடிந்தால் மண்ணாகத்தானே போகும்? கல்லால் கட்டியிருந்தால் நமக்கு இடிபாடாவது மிஞ்சியிருக்கும்.

மத்தியானம் ராஜபாளையம் திரும்பினோம். இவ்வூர் நாயைப் பார்க்காமல் வரக்கூடாது என்பது பையனின் நிபந்தனை. பால் போல் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, கம்பி மாதிரி உடம்பு. 'பாளையக்காரர் நாய்' என்றே இதற்கு முன்னாளில் பெயர். இந்த வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தனமும் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே வந்துவிடுகிறது. இந்த நாய்க்கு நம் தபால் இலாகா 2005-இல் தபால்தலை வெளியிட்டது. ஒண்டிவீரனுக்கு வெளியிட்டது 2022-இல். நாயின்மேல் எனக்கு ஒன்றும் விரோதம் இல்லை, வரிசையைத்தான் சொல்லுகிறேன்.

காந்தி கலை மன்றத்துக்குள்ளும் போனோம். சென்னை ராஜ்யத்தில் 1949 முதல் 1952 வரை முதல் மந்திரியாக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே கலைக்கென்று கொடுத்துவிட்டார். அப்படி உண்டானது அந்த மன்றம். பதவிக்கு வந்த பிறகு வீடு வாங்கியவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி என்று ஓர் ஊர். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். நெய்வது வேஷ்டியும் அல்ல, சேலையும் அல்ல. புண்ணுக்குக் கட்டுகிற பாண்டேஜ் துணி. பஞ்சில் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பசை உண்டு. அது இருக்கும் வரையில் நூல் ஈரத்தை வாங்காது. ஆகையால் நெய்த துணியைக் காரம் போட்டு வேகவைத்து, வெளுத்து, உலர்த்தி, அப்புறம்தான் நறுக்கிச் சுருட்டுகிறார்கள். ஒரு கொட்டகைக்கு வெளியே வெள்ளை வெளேரென்று துணி காய்ந்துகொண்டிருந்தது. மாமா காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். துணியின் ஓரத்தை இரு விரலால் பிடித்துப் பார்த்தார். தறிக்காரர் வெளியே வந்து, "என்ன ஐயா வேணும்?" என்று கேட்டார்.

"ஒன்றும் வேண்டாம், தம்பி. அன்றைக்கு எங்களிடம் இருந்தது பற்றவில்லை" என்றார் மாமா.

தறிக்காரருக்கு விளங்கவில்லை. ஆனாலும், உள்ளே போய்ச் சுருட்டிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

காரில் வரும்போது மாமா தாமாகவே சொன்னார். அந்தப் பையனுக்குத் தொடையில் காயம். எல்லாருடைய கட்டுத் துணியையும் சேர்த்துக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. விடிவதற்குள் முடிந்துவிட்டது. இருபத்திரண்டு வயது. லீவு முடிந்து வரும்போதெல்லாம் பால்கோவா கொண்டு வருவானாம். அலுமினிய டப்பா மூடியில் வைத்து, கரண்டிக் காம்பால் பத்துப் பங்கு போடுவானாம். ஒரு பங்கு மற்றதை விடக் குன்றிமணி அளவு பெரியதாக இருந்தாலும் செக்‌ஷனில் சண்டை வந்துவிடுமாம்.

என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தொலைவிலேயே தெரிந்துவிடுகிறது. 11 நிலை, 192 அடி. வடபத்ரசாயி சந்நிதியின் கோபுரம் இது. தமிழ்நாட்டு அரசாங்க முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரந்தான் என்று இவ்வூரார் அடித்துச் சொல்லுவார்கள். மதுரை மேலைக் கோபுரந்தான் என்று மதுரைக்காரர்கள் மறுப்பார்கள். அடியேன் இரண்டு ஊரிலும் சாப்பிட வேண்டியவன். ஆகவே வாய் திறக்கவில்லை. இந்த ஊரும் புலித்தேவன் யுத்தத்துக்குத் தப்பவில்லை. நவாபின் ஆட்கள் வசம் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டையை அவன் படை தாக்கிப் பிடித்தது. அன்றைக்கு இந்தக் கோபுரத்தின் கீழே எந்தப் பக்கத்துச் சிப்பாய் பயந்து ஒதுங்கி நின்றானோ!

ஆண்டாள் சந்நிதியில் கூட்டம் குறைவு. பெரியாழ்வார் துளசிச் செடியருகே குழந்தையைக் கண்டெடுத்த நந்தவனத்தைப் பார்த்தோம். அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது. மாமா கிளியேந்திய கோலத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மடியிலிருந்து அந்தக் கட்டுத் துணியை எடுத்து, மறுபடியும் உள்ளேயே வைத்துக்கொண்டார். என்ன நினைத்தாரோ தெரியாது.

"அந்தப் பையன் வீட்டைத் தேடிப் பார்க்கலாமா, மாமா?" என்று கேட்டேன்.

"அம்மா இருக்கும் வரையில் கடுதாசி போட்டேன். அப்புறம் யாரும் இல்லை" என்றார்.

சந்நிதித் தெருவில் பால்கோவா வாங்கினோம். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சேர்வதில்லை. கிண்டிய கைதான் விசேஷம். மதுரைக்குத் திரும்பும் வழியில் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியதும், மாமா என் மனைவியிடம் டிபன் டப்பா மூடியைக் கேட்டு வாங்கினார். கரண்டிக் காம்பால் நிதானமாகக் கோடு கிழித்தார். நாங்கள் நான்கு பேர். அவர் போட்டது ஐந்து பங்கு.

பையன் எண்ணிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தான். அவன் அம்மா அவன் கையை அழுத்தினாள். ஐந்தாவது பங்கு மதுரை வந்து சேரும் வரையில் அந்த மூடியிலேயே இருந்தது.